குடியும் புகையும் பரம்பரையாக வருமா?

"தாத்தா குடித்தே ஈரல் கெட்டு இறந்தார். அப்பா இன்றும் தினமும் குடிக்கிறார். அண்ணன் குடிப்பதில்லை, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். மூன்று முறை விட்டுப் பார்த்தார், மூன்று முறையும் முடியவில்லை. எனக்கு 23 வயது, இரண்டையும் தொட்டதில்லை. குடி மரபணு என்று ஒன்று இருக்கிறதா? அது எனக்கு இருக்கிறதா என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியுமா?" இதுதான் நீங்கள் எழுதியிருப்பது. படித்தபோது அதற்குள் வேறு மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. என் தலையெழுத்து ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதா? அண்ணனுக்கு மனஉறுதி போதவில்லையா, அவர் உடம்பே அப்படித்தானா? ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்தால் என்ன ஆகிவிடும்? பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இந்த மூன்றுக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் மனநல மருத்துவன். மதுவுக்கும் புகையிலைக்கும் அடிமையானவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. மரபணு ஆய்வுக்கூடத்தில் உட்காருபவன் அல்லன். அந்தத் துறையில் வருவதைப் படித்து, என்னிடம் வருகிறவர்களுக்கு எது பயன்படும் என்று சலித்து எடுத்துக்கொள்பவன். உங்களையோ உங்கள் அண்ணனையோ நேரில் பார்த்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். மதுவுக்கு அடிமையாவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. இதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. குடிப்பவரின் மகனும் குடிக்கிறார் என்பதை வைத்து மட்டும் இதை நிரூபிக்க முடியாது. அப்பாவின் மரபணுவும் அப்பாவின் வீடும் பிள்ளைக்குச் சேர்ந்தேதான் கிடைக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க முதலில் உதவியவர்கள் தத்துப் பிள்ளைகள். டொனால்ட் குட்வினும் அவரது குழுவினரும் டென்மார்க்கில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், குடிநோயாளிக்குப் பிறந்து சில வாரங்களிலேயே வேறு குடும்பத்துக்குத் தத்துப் போன ஆண்களில் 18 சதவீதம் பேர் பிற்காலத்தில் குடிநோயாளிகளானார்கள். அந்த நோய் இல்லாத பெற்றோருக்குப் பிறந்து தத்துப் போனவர்களில் அது 5 சதவீதம். பெற்ற தகப்பனோடு வளராத பிள்ளைகளிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. அதே எண்ணை மறுபக்கமாகவும் படித்துப் பாருங்கள்: நூற்றில் 82 பேருக்கு நோய் வரவில்லை.

அடுத்தது இரட்டையர் ஆய்வுகள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு முழுவதும் ஒன்று. இரு கருமுட்டை இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் ஒன்று. இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரே வயதில் வளர்கிறார்கள். ஒருவர் குடிநோயாளியானால் மற்றவரும் ஆவது முதல் வகையில் எவ்வளவு கூடுதல் என்று பார்த்துப் பரம்பரையின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த பகுப்பாய்வு, மது அடிமைநிலையில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய 50 சதவீதம் என்று சொல்கிறது. நிக்கோடின் அடிமைநிலைக்கும் கணக்கு அதை ஒட்டியே, சில ஆய்வுகளில் சற்று மேலே, வருகிறது.

பாதி பரம்பரை என்றவுடன் பலரும், தம் குடியில் பாதி அப்பா கொடுத்தது, மீதிப் பாதி தாம் தேடிக்கொண்டது என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண் தனி மனிதரைப் பற்றியதே இல்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. கூட்டமோ காலமோ மாறினால் எண்ணும் மாறும். கென்னத் கெண்ட்லரும் அவரது சகாக்களும் ஸ்வீடன் நாட்டு இரட்டையர்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல சான்று. 1925க்கு முன் பிறந்த பெண்களிடம் புகையிலைப் பழக்கத்தில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம். 1940க்குப் பின் பிறந்த பெண்களிடம் அது 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதற்குள் ஸ்வீடன் பெண்களின் மரபணு மாறிவிடவில்லை. பெண்கள் புகைப்பதைச் சமூகம் ஏற்காத காலத்தில், உடம்பில் நாட்டம் இருந்தவரும் இல்லாதவரும் ஒன்றுபோலத் தள்ளியே நின்றார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான் உடம்புக்கு உடம்பு இருந்த வேறுபாடு வெளியே தெரிந்தது.

அப்படியானால் பரம்பரையில் இறங்கி வருவதுதான் என்ன? குடிக்க வேண்டும் என்ற கட்டளையோ சிகரெட்டின் மீது ஆசையோ மரபணுவில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தப் பொருள் உள்ளே போனால் உடல் அதற்கு என்ன பதில் சொல்லும் என்பதே பெரிதும் மரபணுவின் பொறுப்பு. உள்ளே போகாத வரை அந்தப் பதிலுக்கு வேலையில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலின் சாரம் இதுதான். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இந்தத் துறையில் மிகத் தெளிவாகத் தெரிந்த பகுதியும் இதுவே.

மதுவில் இருக்கும் எத்தனாலை ஈரல் இரண்டு படிகளில் கழிக்கிறது. முதல் நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இரண்டாவது நொதி அந்த அசிட்டால்டிஹைடை அசிட்டேட்டாக மாற்றித் தீங்கில்லாமல் செய்கிறது. இடையில் வரும் அசிட்டால்டிஹைடு நச்சுப்பொருள். மேல் மடை வேகமாகத் திறந்தாலும் கீழ் மடை அடைபட்டாலும் வாய்க்காலில் தண்ணீர் கட்டிக்கொள்வதுபோல, முதல் நொதி விரைந்தாலும் இரண்டாவது சுணங்கினாலும் நச்சு உடம்பில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், தலை இடிக்கும். ஏடிஎச்1பி என்ற மரபணுவின் ஒரு வடிவம் முதல் நொதியை வேகப்படுத்துகிறது. ஏஎல்டிஎச்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இரண்டாவது நொதியைப் பெருமளவு செயலிழக்க வைக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் குடிநோய்க்கான வாய்ப்பு குறைகிறது. சீனா, ஜப்பான், கொரியா மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டாவது வடிவம் இருக்கிறது. அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் குடிநோயாளியாவது மிக மிக அரிது. தெற்காசியர்களிடம் இந்த வடிவம் அபூர்வம் என்பதால், உங்கள் குடும்பத்துக்கு அந்தக் காவல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்த மரபணுவின் வேலையை ஒரு மாத்திரையால் போலியாகச் செய்து காட்ட முடியும். டைசல்ஃபிராம் என்ற மருந்து அதே இரண்டாவது நொதியைத்தான் முடக்குகிறது. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் சிகிச்சைக்கு வந்த அந்த மருந்தை இன்றும் பயன்படுத்துகிறோம். அதைச் சாப்பிடுபவர் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் மேலே சொன்ன அத்தனையும் வரும். சில சமயம் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் யோசனையை யாராவது உங்கள் வீட்டில் சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இவ்வளவு வலுவான காவலும் ஊரின் பழக்கத்துக்கு முன்னால் எப்படி வழிவிடுகிறது என்பதை ஜப்பானில் பார்க்கலாம். இரண்டாவது நொதியை முடக்கும் அந்த வடிவத்தின் ஒரு பிரதியை மட்டும், அதாவது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ, பெற்றவர்கள் அந்நாட்டின் குடிநோயாளிகளில் எத்தனை பேர் என்று சுசுமு ஹிகுச்சியும் சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தார்கள். 1979இல் 2.5 சதவீதம். 1986இல் 8 சதவீதம். 1992இல் 13 சதவீதம். உடம்பு வேண்டாம் என்றாலும், வேலை முடிந்து சகாக்களோடு உட்கார்ந்து குடிக்க வேண்டிய கட்டாயம் கூடக்கூட, அந்த மறுப்பைத் தாண்டிக் குடிக்கப் பழகியவர்களும் கூடினார்கள். இதில் ஒரு கொடுமையும் உண்டு. முகம் சிவக்கச் சிவக்கக் குடித்துப் பழகும் இவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம்.

இவர்களுக்கு நேர்மாறாக, மதுவை உடம்பு மறுக்கவே செய்யாதவர்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். என்னிடம் புதிதாக வருபவர்களிடம் முதன்முதலில் குடித்த நாளைப் பற்றிக் கேட்பது என் வழக்கம். திரும்பத் திரும்ப வரும் பதில் இது: "கூட வந்தவன் எல்லாம் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான் டாக்டர். எனக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. நான்தான் ஒவ்வொருவனையும் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்." சொல்லும்போது குரலில் அந்தப் பழைய பெருமை இன்னும் இருக்கும். மேசை மேல் வைத்த கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு குடித்தாலும் ஏறவில்லை என்பதை ஊர் ஆண்மையாக எண்ணுகிறது. மருத்துவம் அதை எச்சரிக்கையாகப் படிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷூக்கிட், குடிநோயாளிகளின் மகன்களையும் மற்ற இளைஞர்களையும் இருபது வயதை ஒட்டிய பருவத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து, அளந்து மது கொடுத்து, தள்ளாட்டம் எவ்வளவு, போதை எவ்வளவு உணர்கிறார்கள் என்று பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்து 1994இல் முடிவை வெளியிட்டார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று மதுவின் பாதிப்பைக் குறைவாக உணர்ந்தவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாகவே உணர்ந்தவர்களில் 14 சதவீதம் பேர்தான். காரணம் விளங்காத ஒன்றல்ல. போதும் என்று உடம்பு சொல்லும் குரல் பலவீனமாக இருந்தால், கூட இருப்பவர்களைப் போன்ற மயக்கத்தை எட்ட அவர்களைவிட அதிகம் ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் குறைந்த பாதிப்பிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் ஒன்று கேளுங்கள்: காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? நிக்கோடின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று கண்டுபிடிக்க நாங்கள் முதலில் கேட்பதும் அதுதான். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி கடுமை. இரவெல்லாம் புகைக்காததால் விடியற்காலையில் ரத்தத்தில் நிக்கோடின் வற்றிப்போயிருக்கும். எவ்வளவு வேகமாக வற்றும் என்பதை ஆளுக்கு ஆள் பெருமளவு நிர்ணயிப்பது சிஒய்பி2ஏ6 என்ற ஈரல் நொதி. நிக்கோடினில் பெரும்பகுதியைக் கோட்டினின் என்ற கழிவுப்பொருளாக மாற்றி வெளியேற்றுவது இதன் வேலை. இந்த நொதி மெதுவாக வேலை செய்பவர்களுக்கு ஒரு சிகரெட் நெடுநேரம் தாங்குகிறது. அவர்கள் சராசரியாகக் குறைவாகவே புகைக்கிறார்கள், சற்று எளிதாகவே விடுகிறார்கள். வேகமாக வேலை செய்பவர்கள் ஒன்றை அணைத்த சற்று நேரத்தில் அடுத்ததைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது, மூளையில் நிக்கோடின் போய் ஒட்டும் ஏற்பிகள். 15ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று மரபணுக்கள் இந்த ஏற்பியின் உறுப்புகளுக்கானவை. 2008இல் மூன்று தனித்தனி ஆய்வுகள் ஒரே நேரத்தில் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டின. அவற்றில் சிஎச்ஆர்என்ஏ5 மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் ஏற்பியின் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. எலிகளில் செய்த சோதனைகளின்படி, அளவுக்கு மீறிய நிக்கோடின் உள்ளே வரும்போது போதும், இனி வேண்டாம் என்று மூளையில் எழும் வெறுப்பு உணர்வுக்கு இந்த உறுப்பு தேவை. அது இல்லாத எலிகள் அதிக வீரியத்திலும் நிறுத்தாமல் நிக்கோடினைத் தேடின. மதுவில் பார்த்த அதே கதைதான் இங்கும்: தடுக்கும் குரல் மங்கிப்போகிறது. ஆனால் இதன் அளவையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் நாளொன்றுக்குக் கூடுவது ஏறக்குறைய ஒரு சிகரெட். புகைப்பழக்கத்தில் தனித்து நிற்கும் பெரிய மரபணு மாற்றம் என்று பெயர் பெற்றதன் பலமே அவ்வளவுதான்.

ஆக, அண்ணனுக்கு மனஉறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அவருக்கு விடவே முடியாத உடம்பு என்று சொன்னாலும் ஒப்ப மாட்டேன். மூன்று முறை முயன்றவர் நான்காவது முறை விடுவது எங்களுக்கு அன்றாடம் பார்க்கும் காட்சி. அந்த மூன்று முறையும் அவர் மருந்து இல்லாமல், திடீரென்று, தனியாக முயன்றாரா என்பதை நான் தெரிந்துகொள்ள விரும்புவேன். நிக்கோடினை வேகமாகக் கழிப்பவர்களுக்கு தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பட்டையைவிட, புகையை விட உதவும் வரெனிக்லின் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றும், மெதுவாகக் கழிப்பவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம், மாத்திரையின் பக்கவிளைவு சற்று அதிகம் என்றும் 2015இல் கேரின் லெர்மனின் குழு 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனை காட்டியது. அதில் அவர்கள் பார்த்தது மரபணுவைக்கூட அல்ல, ரத்தத்தில் இருக்கும் கழிவுப்பொருள்களின் விகிதத்தை. பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்த அளவீடு வழக்கத்தில் இல்லை. அது இல்லாமலே மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம், பட்டையோடு நிக்கோடின் சூயிங்கம்மையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

அப்பா குடிக்கிறார், அண்ணன் புகைக்கிறார், இரண்டுக்கும் தொடர்புண்டா என்றால், ஓரளவுக்கு உண்டு. சில மரபணுக்கள் ஒரு பொருளுக்கு மட்டும் உரியவை. நான் மேலே சொன்ன நான்கும் அப்படிப்பட்டவை. இவற்றைத் தவிர, எந்தப் போதைப்பொருளுக்கும் பொதுவான ஒரு சாய்வும் இறங்கி வருகிறது: பின்விளைவை யோசிக்காமல் பாயும் குணம், புதியதைத் தேடும் வேகம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எளிதில் ஆட்படுவது. 2022இல் ஏறக்குறைய 34 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வு, புகைத்தலோடும் குடித்தலோடும் தொடர்புடைய 4,000க்கு நெருக்கமான மரபணு மாற்றங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் துளியிலும் துளி. குடி மரபணு என்று ஒன்றைத் தேடியவர்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்.

வயதும் இதில் சேர்கிறது. விடலைப் பருவத்தில் ஒருவர் முதல் சிகரெட்டைப் பிடிப்பதையும் முதல் முறை குடிப்பதையும் பெரிதும் முடிவுசெய்வது வீடும் நண்பர்களும் கைக்கெட்டும் தூரத்தில் பொருள் கிடைப்பதும்தான். தொடங்கியவர் தொடர்வாரா, சிக்கிக்கொள்வாரா என்பதில்தான் மரபணுவின் கை வயது ஏற ஏற ஓங்குகிறது. நீங்கள் 23 வயது வரை தொடாமல் இருப்பது சின்ன விஷயமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் உங்கள் கண்ணில் முதலில் படுவது அவையாகத்தான் இருக்கும். 1990இல், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோப்பமைன் என்ற பொருளின் ஏற்பி ஒன்றின் மரபணு வடிவம் குடிநோயாளிகளில் 69 சதவீதத்தினரிடமும் மற்றவர்களில் 20 சதவீதத்தினரிடமும் இருப்பதாகக் கென்னத் ப்ளமும் எர்னஸ்ட் நோபிளும் அறிவித்தார்கள். குடி மரபணு கிடைத்துவிட்டது என்று செய்திகள் பறந்தன. பார்த்தது எழுபது மூளைகள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்த வேறுபாடு சுருங்கியது, சிலவற்றில் காணாமலே போனது. அந்த மாற்றம் இருப்பது பக்கத்து மரபணுவில் என்பதும் பின்னர் தெரிந்தது. விசித்திரம் என்னவென்றால், அண்மைக் காலப் பெரிய ஆய்வுகளிலும் அந்தக் குரோமோசோம் பகுதி எட்டிப் பார்க்கவே செய்கிறது, ஆனால் மிகச் சிறிய பங்கோடு. குடி ஆசையைக் குறைக்கக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்து யாருக்குப் பலிக்கும் என்பதை, மூளையில் அது போய் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பியின் மரபணு சொல்லிவிடும் என்று 2003இல் ஒரு நம்பிக்கை எழுந்தது. அதைச் சோதிப்பதற்கென்றே நடத்தி 2015இல் வெளியான ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. அப்பாவின் குடி அவர் விந்தணுவின் வழியாகவே பேரன் வரை தடம் பதிக்கும் என்பது போன்ற பேச்சுகளுக்கு மனிதரிடம் உறுதியான சான்று கிடையாது. புகைப்பவரின் மரபணுக்கள் மேல் வேதியியல் குறிகள் மாறுகின்றன என்பது உண்மை. விட்ட பிறகு அவற்றில் பல மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்பதும் உண்மை.

மரபணுப் பேச்சைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. புள்ளியியலின் தந்தைகளில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் குழாய்ப் புகைப்பவர். சிகரெட் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கவில்லை, புகைக்கும் நாட்டத்தையும் புற்றுநோயையும் ஒரே மரபணுவே கொண்டுவருகிறது என்று 1950களின் இறுதியில் வாதாடினார். இரட்டையர் கணக்குகளையும் எடுத்துக் காட்டினார். புகையிலை நிறுவனங்களின் அமைப்புக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். புகைப்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு என்றது சரி. அதை வைத்துச் சிகரெட்டைக் குற்றமற்றதாக்கியது பெருந்தவறு. மேலே சொன்ன 15ஆம் குரோமோசோம் மாற்றம் நுரையீரல் புற்றுநோயோடும் தொடர்புடையதுதான், ஆனால் அந்த ஆபத்து புகைப்பவர்களிடம்தான் தெரிகிறது.

தலையெழுத்து ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதா என்ற கேள்விக்கு நேரான பதில் ஓர் இரட்டையர் ஆய்வில் இருக்கிறது. வியட்நாம் போர்க்கால அமெரிக்க வீரர்களில் ஒரே கருமுட்டை இரட்டையரைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் குடிநோயாளி, மற்றவர் அல்ல என்ற ஜோடிகளின் பிள்ளைகளைத் தியோடர் ஜேக்கப்பின் குழு 2003இல் ஒப்பிட்டது. குடிநோய் வராத இரட்டையரின் பிள்ளைகளுக்கும் குடிநோயாளியின் மரபணுதான் இறங்குகிறது. பெரியப்பாவோ சித்தப்பாவோ அப்பாவின் மரபணு நகல் அல்லவா! ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் குடிநோய் வந்த விகிதம், இருவருக்குமே குடிநோய் இல்லாத இரட்டையரின் பிள்ளைகளுக்கு வந்ததைவிடக் கூடவில்லை. குடிநோய் இல்லாத வீடு அந்த ஆபத்தை அமுக்கிவைத்தது. உங்கள் வீடு அப்படிப்பட்டதாக இருக்கவில்லை. அதை மாற்ற முடியாது. நாளை நீங்கள் அமைக்கும் வீடு உங்கள் கையில் இருக்கிறது.

பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். துளியளவு பங்குள்ள ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் முறைகள் இருக்கின்றன. மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பற்றி அவை ஏதோ சொல்கின்றன. தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அவை போதாது. அவற்றின் அடிப்படைத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை, மற்றவர்களுக்கு இன்னும் குறைவாகவே பொருந்துகின்றன. தாத்தா, அப்பா, அண்ணன் என்று நீங்கள் எழுதிய மூன்று வரிகள் அதைவிட அதிகம் சொல்லிவிட்டன. குடிநோயாளியின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட 2 முதல் 4 மடங்கு வாய்ப்பு என்பது பொதுவான கணக்கு. மதிப்பெண் குறைவாக வந்துவிட்டால் நீங்கள் துணிந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பெரிய கவலை.

ஒரு முறை குடித்தால் அன்றே அடிமையாகிவிட மாட்டீர்கள். அப்படிச் சொல்லிப் பயமுறுத்துபவர்களை நம்பிவிட்டு, பிறகு ஒரு நாள் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால், எல்லாமே பொய் என்று தோன்றிவிடும். உங்கள் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு நான் சொல்வது தொடங்காதீர்கள் என்பதுதான். என்றாவது குடிக்க நேர்ந்தால், மற்றவர்களுக்கு ஏறியபோது உங்களுக்கு ஏறவில்லை என்றால், அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்ளாமல் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்கம் வர, பதற்றம் அடங்க, கூட்டத்தில் கூச்சம் போக என்று மருந்தாக மட்டும் ஒருபோதும் குடிக்காதீர்கள். அந்தத் தொல்லைகள் இருந்தால் அவற்றுக்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, அப்பாவைப் பற்றி. குடும்பத்தில் குடிநோய் இருப்பவருக்குச் சிகிச்சை பலிக்காது என்று எண்ண வேண்டாம். என்னிடம் வந்து குடியை விட்டவர்களில் பலர் அப்படிப்பட்ட குடும்பத்துக்காரர்கள். ஆனால் தினமும் குடிப்பவர் யாரோ திட்டியதற்காகவோ கோயிலில் வேண்டிக்கொண்டதற்காகவோ திடீரென்று முழுவதும் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு, மூன்று நாளில் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கி உயிருக்கே உலை வைக்கலாம். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, காலையில் கை நடுங்குகிறதா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் குறைத்துச் சொன்னாலும் அந்தத் தாள் சரியாகச் சொல்லும்.